லீவு நாளுக்குப் பெற்றோரிடம் காசு வாங்கலாமா? புதிய சைல்ட்மைண்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் சைல்ட்மைண்டராக, அதாவது தன் வீட்டிலேயே பிறர் பிள்ளைகளைக் காசுக்குப் பார்த்துக்கொள்பவராகப் பதிவு செய்து முதல் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மணிக்கு எவ்வளவு வாங்குவது என்பதைப் பற்றித்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்து, அதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி, வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். லீவுப் பேச்சு வருவது ஜூலையில். "ஆகஸ்ட்ல ரெண்டு வாரம் நீங்க இல்லைன்னு சொன்னீங்களே, அதுக்கும் பணம் கட்டணுமா?" என்று அம்மா ஒருவர் வாசலில் நின்று கேட்பார். ஒப்பந்தத்தில் பதில் இல்லையென்றால் அந்த இடத்திலேயே ஏதோ ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாங்குவேன் என்றால் அவருக்கு மனத்தாங்கல், வேண்டாம் என்றால் உங்கள் அரை மாத வருமானம் போச்சு.

எனவே இந்த வேலையை முதல் பிள்ளை வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒரு மாலை நேரம் போதும். கையில் ஒரு காலண்டர், ஒரு கால்குலேட்டர் இருக்கட்டும். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் பதிவு செய்யும் அமைப்பும் வேறு, அரசு தரும் இலவசப் பராமரிப்பு மணிநேரமும் வேறு.

முதலில்: சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு ஆண்டுக்கு 5.6 வாரம், அதாவது வாரம் ஐந்து நாள் வேலை செய்தால் 28 நாள், சம்பளத்தோடு லீவு உண்டு. சைல்ட்மைண்டர் சுயதொழில் செய்பவர். அந்த 28 நாள் அவருக்கு இல்லை. காய்ச்சலில் படுத்தால் சட்டப்படி கிடைக்கும் நோய்க்கால ஊதியமும் இல்லை. பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் நானிக்கு இவை எல்லாம் உண்டு, ஏனென்றால் பெரும்பாலும் அவர் அந்தக் குடும்பத்தின் ஊழியர். சில பெற்றோர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். "எங்க அக்கா வீட்டு நானிக்கு லீவு காசு குடுக்கிறாங்க" என்பார்கள், அல்லது அதற்கு நேர்மாறாக, "நீங்க செல்ஃப் எம்ப்ளாய்டுதானே, ஏன் லீவுக்குக் குடுக்கணும்" என்பார்கள். இரண்டுமே உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை.

லீவு நாளுக்குக் காசு வாங்கு என்றோ வாங்காதே என்றோ சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. சைல்ட்மைண்டர்களைப் பதிவு செய்து ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பும் உங்கள் கட்டணத்தில் தலையிடாது. நீங்களும் பெற்றோரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் பேசும். ஆனால் ஒப்பந்தத்தில் எதை வேண்டுமானாலும் எழுதிவிட முடியாது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, நியாயமில்லாத நிபந்தனை பெற்றோரைக் கட்டுப்படுத்தாது. கொரோனா காலத்தில் நர்சரிகள் மூடியிருந்தபோதும் முழுக் கட்டணம் கேட்ட விவகாரத்தில், போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2020 ஜூலையில் சிறார் பராமரிப்புத் துறைக்கு ஒரு திறந்த கடிதம் எழுதியது. கொடுக்காத சேவைக்குப் பெரும் தொகை வாங்குவதும், கண்ணை மூடிக்கொண்டு ரத்துக் கட்டணம் போடுவதும் நியாயமில்லாத நிபந்தனை ஆகலாம் என்பது அதன் சாரம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இரண்டாவது: யார் வராத நாள் என்று பிரியுங்கள்

"லீவு" என்ற ஒரே பெயரில் எல்லா நாளையும் போட்டு வைப்பதால்தான் சண்டை வருகிறது. பிள்ளை வராத நாள் ஒன்று, நீங்கள் கதவைத் திறக்காத நாள் இன்னொன்று. இரண்டுக்கும் நியாயம் வேறு.

பெற்றோர் விடுமுறை போகிறார்கள், நீங்கள் வேலைக்குத் தயாராக இருக்கிறீர்கள். இந்த நாளுக்கு முழுக் கட்டணம் வாங்குங்கள். இதில் தயக்கமே வேண்டாம். காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. சாதாரணமாக ஒரு சைல்ட்மைண்டர் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்கு உட்பட்ட ஆறு பிள்ளைகளைப் பார்க்கலாம். அதில் இன்னும் முழுநேரப் பள்ளி வயதுக்கு வராத சின்னவர்கள் மூன்று பேர்தான். அந்த மூவரில் ஒரு வயது நிரம்பாத குழந்தை ஒன்றுதான். உங்கள் சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேருவார்கள். வீட்டில் உங்களுக்கே இரண்டு வயதில் ஒன்று இருந்தால், மற்றச் சின்னவர்களுக்கு விற்பதற்கு உங்களிடம் இருப்பது இரண்டே இடம். அதில் ஒருவர் இரண்டு வாரம் ஸ்பெயின் போனால், அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் வேறொரு பிள்ளையைப் பிடிக்க முடியாது. இடம் அவர்களுக்காகக் காத்திருக்கிறது. அதற்குத்தான் காசு.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளும் இதே வகை. வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பிள்ளையைச் சேர்க்கக் கூடாது. சின்னம்மை என்றால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். "நீங்கதானே வர வேண்டாம்னு சொன்னீங்க, அப்ப ஏன் காசு?" என்று கேட்பார்கள். நீங்கள் திறந்திருக்கிறீர்கள், மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், விதி எல்லோருக்கும் ஒன்றுதான். முழுக் கட்டணம் என்று எழுதி, 48 மணி நேர விதியையும் அதே பத்தியில் சேர்த்து எழுதுங்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. காசும் போகிறது, வேலைக்கும் போக முடியவில்லை என்றால், பெற்றோருக்குக் காலையில் கால்போல் மருந்து கொடுத்துக் காய்ச்சலை அடக்கி உங்கள் வாசலில் விட்டுப்போகத் தோன்றும். அதனால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டியதில்லை. சேர்க்கும்போதே, மருந்து கொடுத்தால் என்ன நேரத்தில் கொடுத்தீர்கள் என்று கட்டாயம் சொல்ல வேண்டும் என்று பேசி வையுங்கள்.

உங்களுக்கு உடம்பு சரியில்லை, அல்லது உங்கள் பிள்ளைக்குச் சரியில்லை, அதனால் மூடுகிறீர்கள். காசு வாங்காதீர்கள். காலை ஆறரைக்கு உங்கள் செய்தி வந்த பிறகு வேலைக்கு லீவு சொல்லவோ ஆள் தேடவோ அந்த அம்மா படும் பாட்டோடு கட்டணமும் சேர்ந்தால் உறவு அத்தோடு முறியும். ஆணையம் சொன்ன "கொடுக்காத சேவை" இதுதான். பக்கத்தில் உள்ள இன்னொரு சைல்ட்மைண்டரோடு முன்பே பேசி, இடம் இருந்தால் ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்ப்பது என்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். பெற்றோர் அவரோடு தனியாக ஒப்பந்தம் போட வேண்டும், அவருடைய எண்ணிக்கை வரம்பும் மீறக் கூடாது. கர்ப்பம் என்றால் சுயதொழில் செய்பவருக்கும் தகுதி இருந்தால் 39 வாரம்வரை மகப்பேறு உதவித்தொகை உண்டு. அதையும் பெற்றோரையும் முடிச்சுப் போடாதீர்கள்.

பயிற்சி நாள் என்றால் சனிக்கிழமையில் வைத்துக்கொள்ளப் பாருங்கள். ஆஃப்ஸ்டெட் ஆய்வுக்கு மூட வேண்டியதில்லை, அவர்கள் பார்க்க வருவதே நீங்கள் பிள்ளைகளோடு இருப்பதைத்தான்.

மூன்றாவது: உங்கள் சொந்த விடுமுறை

சிக்கல் இங்கேதான். சைல்ட்மைண்டர்கள் மூன்று வழியில் செய்கிறார்கள். சிலர் தங்கள் லீவுக்கும் முழுக் கட்டணம் வாங்குகிறார்கள். சிலர் பாதி. சிலர் ஒன்றுமே வாங்குவதில்லை. எது நியாயம் என்று விவாதிப்பதற்கு முன், கணக்குப் போட்டுப் பாருங்கள். விவாதத்தில் பாதி அப்போதே கரைந்துவிடும்.

ஒரு பிள்ளை வாரம் 40 மணி நேரம் வருகிறது என்று வையுங்கள். கட்டணம் மணிக்கு 6 பவுண்டு. (உங்கள் பகுதியில் இது கூடவோ குறையவோ இருக்கலாம், கணக்குக்காக எடுத்துக்கொள்கிறேன்.) வாரத்துக்கு 240 பவுண்டு. நீங்கள் ஆண்டில் ஐந்து வாரம் மூடுகிறீர்கள்.

லீவுக்கும் முழுக் கட்டணம் வாங்கினால் 52 வாரம் × 240 = 12,480 பவுண்டு. ஒன்றும் வாங்காவிட்டால் 47 வாரம் × 240 = 11,280 பவுண்டு. வித்தியாசம் 1,200. இனி அந்த 12,480ஐ 47 வாரத்தால் வகுத்து, அதை 40 மணியால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு ஏறக்குறைய 6 பவுண்டு 64 பென்ஸ். அதாவது "மணிக்கு 6 பவுண்டு, என் லீவுக்கும் கட்ட வேண்டும்" என்பதும், "மணிக்கு 6.64, என் லீவுக்கு ஒரு பைசா வேண்டாம்" என்பதும் ஒரே தொகை. பாதிக் கட்டணம் வாங்குபவர் மணிக்கு 6.30 வைத்தால் அவருக்கும் அதே வருமானம்தான்.

பெற்றோர் ஆண்டு முழுவதும் கொடுக்கும் பணம் ஒன்றே என்றால், எந்த வழி நல்லது? என் தெளிவான கருத்து: கட்டணத்தைச் சரியாகப் போட்டுவிட்டு, நீங்கள் மூடும் நாளுக்குக் காசு வாங்காதீர்கள். நீங்கள் இல்லாத வாரத்தில் பெற்றோர் வேறு ஆளுக்குக் காசு கொடுக்கிறார்கள், அல்லது தங்கள் லீவைச் செலவழிக்கிறார்கள். அந்த வாரத்துக்கு உங்கள் இன்வாய்ஸும் வந்தால், கணக்கு எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் அவர்கள் கண்ணுக்கு அது இரட்டைச் செலவு. அதோடு ஒருவர் ஐந்து வாரம் என்று சொல்லிவிட்டு ஏழு வாரம் மூடினால், காசு வாங்காத முறையில் நஷ்டம் அவருக்கு, காசு வாங்கும் முறையில் நஷ்டம் பெற்றோருக்கு. முதல் முறையே நியாயமாகப் படுகிறது.

எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் இணையத்தில் தேடும்போது மணிக் கட்டணத்தைத்தான் ஒப்பிடுவார்கள். 6.64 என்று பார்த்ததும் 6 பவுண்டுக்காரருக்குப் போன் செய்துவிடுவார்கள். இது உண்மையான சிரமம்தான், அதுவும் தொடங்கும் காலத்தில். இதற்கு நான் சொல்லும் வழி, விலைப் பட்டியலில் மணிக் கட்டணத்துக்குக் கீழேயே ஒரு வரி எழுதுவது: "ஆண்டில் ஐந்து வாரம் விடுமுறை, அதற்குக் கட்டணம் இல்லை." நேரில் வந்து பார்க்கும் பெற்றோரிடம் ஆண்டுத் தொகையைச் சொல்லுங்கள், மற்றவரிடமும் ஆண்டுத் தொகையைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லுங்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறவரை மக்கள் நம்புகிறார்கள்.

முழுக் கட்டணம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை வாரம் என்பதற்கு உச்ச வரம்பு எழுதுங்கள், தேதிகளை முன்கூட்டியே கொடுங்கள், சேருவதற்கு முன்பே வாயால் சொல்லுங்கள். பக்கக் கடைசியில் சின்ன எழுத்தில் ஒளித்து வைத்த நிபந்தனை பின்னால் உங்களைக் காப்பாற்றாது.

மாதம் ஒரே தொகையாக வாங்குவது

லீவு வாரத்தில் வருமானம் விழுவதைத் தாங்க முடியாது என்றால் ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்துவிடலாம். மேலே உள்ள கணக்கில் மாதம் 1,040 பவுண்டு. ஆகஸ்டிலும் அதே தொகை, நவம்பரிலும் அதே தொகை. பெற்றோருக்கும் பட்ஜெட் போடச் சுலபம். ஆகஸ்டில் கட்டும் பணம் நீங்கள் மூடிய வாரத்துக்கானது அல்ல, ஆண்டு முழுவதும் பார்த்ததன் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதை மட்டும் விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது. பிள்ளை ஆண்டு முடிவதற்குள் விலகினால் என்ன? செப்டம்பரில் சேர்ந்து மார்ச் கடைசியில் விலகும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மாதம், 7 × 1,040 = 7,280 பவுண்டு வந்திருக்கிறது. அது ஏறத்தாழ 30 வாரம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் மூடியிருந்தால் நீங்கள் பார்த்தது 29 வாரம். வாரத்துக்கு 265.60 (40 மணி × 6.64) வீதம் 7,702.40 பவுண்டுக்கு வேலை செய்திருக்கிறீர்கள். 422 பவுண்டு குறைவாக வந்திருக்கிறது, ஏனென்றால் உங்கள் ஐந்து வார லீவில் நான்கு வாரம் இனிமேல்தான் வரப்போகிறது. கோடை லீவுக்குப் பிறகு விலகும் பிள்ளைக்கு இது தலைகீழாகலாம், நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம். "விலகும்போது பார்த்த வாரங்களைக் கணக்கிட்டு, குறைந்தால் பெற்றோர் கட்ட வேண்டும், கூடினால் நான் திருப்பித் தருவேன்" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இந்த வரி இல்லாமல் மாதத் தொகை முறையைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

நான்காவது: பேங்க் ஹாலிடே

இந்தப் பொது விடுமுறை நாட்கள் இங்கிலாந்தில் ஆண்டுக்கு எட்டு. ஈஸ்டர் திங்கள், மே மாத முதல் திங்கள், மே மாதக் கடைசித் திங்கள், ஆகஸ்ட் கடைசித் திங்கள் என நான்கு எப்போதும் திங்களில் விழுகின்றன. புனித வெள்ளி எப்போதும் வெள்ளி. கிறிஸ்துமஸ், பாக்சிங் டே, புத்தாண்டு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

பேங்க் ஹாலிடேக்கும் கட்டணம் என்று எழுதினால் யார் தலையில் விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். வாரம் ஐந்து நாளும் வரும் பிள்ளைக்கு அது பெரிதாகத் தெரியாது. திங்கள் மட்டும் வரும் பிள்ளையின் பெற்றோர் ஆண்டுக்கு நான்கு முறையாவது வராத நாளுக்குக் கட்டுவார்கள். செவ்வாயும் புதனும் வரும் பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். நர்சரிகள் பல பேங்க் ஹாலிடேக்கும் வாங்குகின்றன, அதனால் பெற்றோருக்கு இது புதிதாக இருக்காது. ஆனாலும் பகுதி நேரப் பிள்ளைகள் அதிகம் உள்ள வீட்டில், இதையும் மணிக் கட்டணத்துக்குள் அடக்கிவிடுவதே நல்லது. அல்லது இடம் இருந்தால் அதே வாரத்தில் மாற்று நாள் தரலாம். மாற்று நாள் தருவது "இடம் இருந்தால் மட்டும்" என்று எழுதுங்கள், இல்லையென்றால் அது உரிமையாகிவிடும்.

ஐந்தாவது: அரசு தரும் இலவச மணிநேரம்

இதைப் படிக்காமல் ஒப்பந்தம் எழுதாதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு, இதில் கிடையாது.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆண்டுக்கு 570 மணி நேரம், அதாவது 38 வாரத்துக்கு வாரம் 15 மணி நேரம் இலவசம். தகுதியுள்ள வேலை செய்யும் பெற்றோருக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஒன்பது மாதக் குழந்தை தொடங்கிப் பள்ளி சேரும்வரை ஆண்டுக்கு 1,140 மணி நேரம், வாரம் 30 மணி. இந்த மணிநேரத்துக்கான பணம் கவுன்சில் வழியாக உங்களுக்கு வருகிறது. அந்த மணிநேரத்துக்கு மேல்கட்டணம் என்று பெற்றோரிடம் எதுவும் வாங்கக் கூடாது. இலவச இடத்தைப் பெறுவதற்கு நிபந்தனையாகக் கட்டாயக் கட்டணம் எதுவும் வைக்கவும் கூடாது. "என் லீவுக்குப் பாதிக் கட்டணம்" என்ற உங்கள் விதி இலவச மணிநேரத்துக்குச் செல்லாது. பெற்றோர் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் மணிநேரத்துக்கு மட்டும்தான் அது.

உங்கள் விடுமுறையை இதில் எப்படிப் பொருத்துவது? மணிநேரத்தை 38 வாரத்தில் தராமல் நீங்கள் திறந்திருக்கும் வாரங்களில் பரப்பித் தரலாம். 1,140ஐ 47ஆல் வகுத்தால் வாரத்துக்கு 24 மணிக்குக் கொஞ்சம் மேல். இப்படிப் பரப்பினால் நீங்கள் மூடும் ஐந்து வாரத்தில் இலவச மணிநேரமே இல்லை, பெற்றோர் எதையும் இழப்பதும் இல்லை. பள்ளித் தவணைக் காலத்தில் மட்டும் தருகிறீர்கள் என்றால், உங்கள் விடுமுறையைப் பள்ளி விடுமுறையிலேயே வைத்துக்கொள்வது தலைவலி இல்லாத வழி.

பிள்ளை காய்ச்சலாலோ சின்ன விடுமுறையாலோ வராவிட்டால் கவுன்சில்கள் பொதுவாகப் பணத்தைப் பிடிப்பதில்லை. அடிக்கடி வராமல் இருந்தாலோ நீண்ட நாள் வராவிட்டாலோ கேள்வி வரும். அதற்கான விதி கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும், நீங்கள் கையெழுத்துப் போடும் வழங்குநர் ஒப்பந்தத்தில் இருக்கும். இன்வாய்ஸில் இலவச மணி, கூடுதல் மணி, உணவு போன்றவற்றைத் தனித்தனி வரியாகக் காட்டுங்கள். இன்னொன்று, உங்கள் பேரப்பிள்ளை அல்லது அக்கா தங்கை பிள்ளையைப் பார்த்தால் அதற்கு இந்த நிதி கிடைக்காது.

ஆறாவது: ஊருக்குப் போகும் ஆறு வாரம்

நம்மவர் குடும்பங்களைச் சேர்த்தால் இது கட்டாயம் வரும். பள்ளிக் கோடை விடுமுறை ஏறக்குறைய ஆறு வாரம். டிக்கெட் விலை கொடுத்து ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு வாரத்தில் திரும்ப மாட்டார்கள். "அக்கா, ஆறு கிழமை ஊருக்குப் போறம், வந்ததும் பிள்ளை உங்களிட்டத்தான் வரும், அதுவரைக்கும் காசு வேண்டாம்தானே?" என்று உரிமையோடு கேட்பார்கள். அக்கா என்று கூப்பிட்ட பிறகு மறுப்பது கஷ்டம். ஆனால் ஆறு வாரம் என்பது உங்கள் ஆண்டு வருமானத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல், அதுவும் 47 வாரக் கணக்கில்.

முழு ஆறு வாரத்துக்கும் முழுக் கட்டணம் கேட்பது பல குடும்பங்களைத் துரத்திவிடும். நான் பரிந்துரைப்பது இது: முதல் இரண்டு வாரத்துக்கு முழுக் கட்டணம், அதற்கு மேல் உள்ள வாரங்களுக்குப் பாதி, இடம் உறுதியாகக் காத்திருக்கும். அது வேண்டாம் என்றால் கட்டணம் இல்லை, ஆனால் இடத்துக்கு உத்தரவாதமும் இல்லை, திரும்பி வரும்போது இருந்தால் உண்டு. இரண்டையும் எழுதிக் கொடுத்து அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பாதிக் கட்டணம் வாங்கிய பிறகு இடத்தை நிஜமாகவே வைத்திருக்க வேண்டும். அந்த ஆறு வாரத்துக்கு மட்டும் வரும் பள்ளிப் பிள்ளை ஒருவரை அந்த இடத்தில் சேர்த்து அங்கேயும் முழுக் காசு வாங்கினால், இங்கே வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரே நாற்காலியை இரண்டு பேருக்கு விற்பது சரியல்ல, அது சீக்கிரமே ஊர் முழுக்கத் தெரிந்தும் விடும்.

ஆசிரியர் வேலை பார்க்கும் பெற்றோருக்கும் இதே கேள்வி. பள்ளி 39 வாரம்தான், மிச்சத்துக்கு அவர்களுக்கு நீங்கள் தேவையில்லை. அவர்களுக்குத் தவணைக்கால ஒப்பந்தம் தனியாகப் போட்டு, மணிக் கட்டணத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளைகள் பள்ளி போகிறவர்கள் என்றால், ஆசிரியர் குடும்பங்கள் உங்களுக்குப் பொருத்தமானவர்கள். கோடையில் நீங்களும் வீட்டில் இருக்கத்தான் விரும்புவீர்கள்.

ஏழாவது: ஒப்பந்தத்தில் எழுதுவது

வெற்றுத் தாளில் தொடங்க வேண்டாம். சைல்ட்மைண்டர் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு ஆயத்த ஒப்பந்தப் படிவங்கள் தருகின்றன, லீவுக்கான கட்டங்கள் அதில் இருக்கும். கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். "கட்டணம் இல்லை" என்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள். காலியாக விட்ட கட்டத்தை ஆளுக்கு ஒரு விதமாகப் படிப்பார்கள்.

எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். பொருள் இப்படி இருந்தால் போதும்: "நான் ஆண்டில் ஐந்து வாரம்வரை மூடுவேன். தேதிகளை எட்டு வாரம் முன்பே எழுத்தில் தருவேன். அந்த நாட்களுக்குக் கட்டணம் இல்லை. பேங்க் ஹாலிடேயில் மூடியிருக்கும், கட்டணம் இல்லை. என் நோய், என் குடும்ப அவசரம், என்னால் தவிர்க்க முடியாத காரணத்தால் மூடினால் கட்டணம் இல்லை. நான் திறந்திருக்கும்போது பிள்ளை வராத நாளுக்கு, காரணம் எதுவானாலும், முழுக் கட்டணம் (நீண்ட விடுமுறைக்குத் தனியாக எழுதிக்கொண்டது தவிர). அரசு நிதி பெறும் மணிநேரத்துக்கு இவை பொருந்தாது." உங்கள் முடிவு வேறாக இருந்தால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் காலத்தையும் லீவையும் சேர்த்துப் பாருங்கள். நான்கு வார நோட்டீஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோர் ஜூலைக் கடைசியில் நோட்டீஸ் கொடுக்கிறார்கள், அதில் இரண்டு வாரம் நீங்கள் இல்லை. அந்த இரண்டு வாரம் நோட்டீஸில் சேருமா? சேரும் என்றோ சேராது என்றோ முன்பே எழுதிவிடுங்கள். நீங்களே மூடியிருக்கும் வாரத்தை நோட்டீஸில் சேர்த்துக்கொள்வதும், அதற்குக் காசு கேட்காததும்தான் நியாயம் என்பேன்.

பெற்றோர் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். லீவுப் பகுதியை மட்டும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன், நீங்க ஹாலிடே போனா முழுக் காசு, நான் போனா காசு இல்லை" என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். தெரிந்தவர், சொந்தக்காரர், கோயிலில் பார்க்கிறவர் என்றாலும் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு நாள்கூடப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். பின்னால் மனக்கசப்பு வந்தால் அதிகம் இழப்பது இவர்களிடம்தான்.

ஏற்கெனவே வேறு மாதிரி நடத்திக்கொண்டிருப்பவர்கள் நடுவில் திடீரென்று மாற்ற வேண்டாம். செப்டம்பரிலோ ஏப்ரலிலோ புதிய ஒப்பந்தம் தொடங்கும் என்று இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள். பழைய கையெழுத்து அதுவரை செல்லும்.

எட்டாவது: பணத்தைப் பிரித்து வைப்பது

மணிக் கட்டணத்தில் லீவுக் காசைச் சேர்த்து வாங்கினால் அது வரும்போதே கரைந்துவிடும். மேலே உள்ள கணக்கில் வாரம் 265.60 வருகிறது என்றால், 25 பவுண்டு 60 பென்ஸை அதே நாளில் வேறு கணக்குக்கு மாற்றுங்கள். 47 வாரத்தில் 1,203 பவுண்டு சேரும், மூடும் ஐந்து வாரத்துக்கு வாரம் 240 வீதம் எடுத்துக்கொள்ளலாம். நோய் நாளுக்கும் ஒரு சிறு தொகை இதே போல. இடம் வைத்திருக்க வாங்கும் பாதிக் கட்டணமும் வருமானம்தான், ஏப்ரல் 6 தொடங்கும் வரி ஆண்டின் கணக்கில் அதுவும் ஏற வேண்டும்.

பெற்றோர் டேக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் கணக்கிலிருந்து கட்டுகிறார்கள் என்றால், அவர்கள் போடும் ஒவ்வொரு 8 பவுண்டுக்கும் அரசு 2 பவுண்டு சேர்க்கிறது. அந்தப் பணம் உங்கள் கையில் வந்து சேரச் சில நாள் ஆகும், நீங்கள் விமானம் ஏறும் வாரத்தில் அதை எதிர்பார்த்து இருக்க வேண்டாம். இன்வாய்ஸை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் ஆண்டுக்கான தேதிகளை ஒரே தாளில் எழுதி எல்லாப் பெற்றோருக்கும் அனுப்புங்கள்: நீங்கள் மூடும் வாரங்கள், எட்டு பேங்க் ஹாலிடே, கிறிஸ்துமஸுக்குக் கடைசியாகத் திறந்திருக்கும் நாளும் நேரமும். பெற்றோரும் தங்கள் அலுவலகத்தில் லீவு எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். உங்கள் ஆகஸ்ட் தேதிகள் அவர்கள் கையில் இருந்தால், பல குடும்பங்கள் தங்கள் விடுமுறையையும் அதே வாரத்தில் போட்டுக்கொள்ளும். அந்தத் தாளில் "இந்த நாட்களுக்குக் கட்டணம் உண்டு" அல்லது "இல்லை" என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதுங்கள், கிடைத்தது என்று ஒரு பதில் செய்தி வாங்கிப் பிள்ளையின் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.